கறுப்புக் கோட்டும் காக்கிச் சட்டையும்

"கொலைகாரனுக்குப் போய் வாதாடுகிறீர்களே?" என்று கேட்டால் வக்கீல்களிடம் பதில் தயார்: குற்றவாளியா இல்லையா என்பதை நீதிபதி பார்த்துக்கொள்வார். நியாயம்தான். தன் கட்சிக்காரர் குற்றம் செய்திருப்பார் என்று வக்கீலுக்கே தோன்றினாலும் வாதாடத்தான் வேண்டும் என்கிறது பார் கவுன்சில் விதி.

கோவையில் ஒருமுறை வக்கீல்களுக்கும் போலீசாருக்கும் மோதல். வக்கீல் சங்கம் கூடியது. குற்றம் சாட்டப்பட்ட போலீசாருக்காக உறுப்பினர் யாரும் ஆஜராகக் கூடாது என்று தீர்மானம் போட்டது. அடிபட்டது கறுப்புக் கோட்டு அல்லவா!

விவகாரம் டெல்லிவரை போனது. இத்தகைய தீர்மானங்கள் செல்லாது என்று 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் குட்டியது. 1792-ல், முடியாட்சியைச் சாடி எழுதிய தாமஸ் பெயினுக்காக வாதாடி, வேல்ஸ் இளவரசரிடம் வகித்த அட்டர்னி ஜெனரல் பதவியைப் பறிகொடுத்த பிரிட்டிஷ் வக்கீல் எர்ஸ்கினையும் நினைவூட்டியது. கோவையில் யாரும் பதவியைத் துறக்க வேண்டியிருக்கவில்லை. வக்காலத்தில் ஒரு கையெழுத்து போதும், ஃபீஸும் உண்டு.