ஷட்டர் இறங்கினாலும் வளரும் கடை

இந்தியக் கடைகளில் இந்த மாதம் எவ்வளவு விற்றது? மாதாமாதம் கேட்டுச் சொல்ல அரசிடம் ஒரு கணக்கெடுப்பு கிடையாது. அமெரிக்காவில் அடுத்த மாத நடுவிலேயே ஒரு எண்ணைச் சொல்கிறார்கள், பிறகு கூச்சமில்லாமல் திருத்துகிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. எண்ணினால்தானே திருத்த வேண்டும்? ஆனால் ‘மக்கள் வாங்கிக் குவிக்கிறார்கள்’ என்று மேடையில் முழங்க மட்டும் ஆள் பஞ்சம் இருந்ததே இல்லை.

எதை வைத்து முழங்குகிறார்கள்? கார் தொழிற்சாலையை விட்டு டீலரிடம் போய்ச் சேர்ந்தாலே உற்பத்தியாளர் சங்கக் கணக்கில் அது விற்பனை. டீலர் யார்டில் வெயிலில் காய்ந்து, புறா எச்சத்தோடு நிற்பதும் விற்ற வண்டிதான். பதிவான வண்டிகளை எண்ணும் டீலர்கள் சங்கம் வேறு எண் தரும். எந்த எண் கொழுத்திருக்கிறதோ அதற்குத்தான் அன்று மாலை மரியாதை.

அடுத்தது ஜிஎஸ்டி. 2025 ஏப்ரலில் 2.37 லட்சம் கோடி ரூபாய் என்று கொட்டு முழங்கியது. ஏப்ரலில் வருவது பெரும்பாலும் மார்ச் வியாபாரத்தின் வரி. ஆண்டுக் கணக்கை முடிக்கிற மாதம் அது. இறக்குமதி மீதான வரியும் அதே பானையில்தான். விலை ஏறினால் வரியும் ஏறும். எண்ணெய் விலை ஒன்றரை மடங்காகி, வீட்டில் ஒரு லிட்டரை முக்கால் லிட்டராகச் சுருக்கிக்கொண்டாலும், வசூல் கணக்கில் அது முன்பைவிட அதிகமாக வாங்கிய வீடு. வாழ்த்துகள், அம்மா!

இதெல்லாம் சில்லறைப் பித்தலாட்டம். மொத்த வியாபாரம் அண்ணாச்சி கடையில் நடந்தது. ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்தால் பெரும்பாலான மாநிலங்களில் சரக்குக் கடைக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. முகப்பில் ஷாம்பு சாஷே சரம், கல்லாவுக்குப் பக்கத்தில் ஓரம் கிழிந்த கடன் நோட்டு, அதில் ‘மாடி வீட்டு அக்கா – 340’. பில் கிடையாது. இவரை நாட்டின் ஜிடிபிக்குள் எப்படிக் கொண்டுவருவது? 2011-12ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட கணக்கில் அதற்கொரு சூத்திரம் இருந்தது. 2010-11இல் எடுத்த ஒரு கணக்கெடுப்பை வைத்து தொடக்க மதிப்பு போட்டார்கள். அதன்பிறகு விற்பனை வரி எவ்வளவு வளர்ந்ததோ, பின்னால் ஜிஎஸ்டி எவ்வளவு வளர்ந்ததோ, ஏறக்குறைய அதே வேகத்தில் அண்ணாச்சியும் வளர்ந்ததாக வைத்துக்கொண்டார்கள்.

புரிகிறதா? தெருமுனையில் ஏசி சூப்பர் மார்க்கெட் வருகிறது. மாடி வீட்டு அக்கா அங்கே போய் டிராலி தள்ளுகிறார். வரி வசூல் கூடுகிறது. ஆகவே அண்ணாச்சியும் வளர்கிறார். அவர் ஷட்டரை இறக்கி, பாக்கியை வசூலிக்க முடியாமல் ஊருக்கு பஸ் ஏறிய பிறகும் டெல்லியில் அவர் கடை வளர்ந்துகொண்டே இருக்கிறது. கொன்றவன் எடை போட்டதை வைத்துச் செத்தவனுக்கு ஆரோக்கியச் சான்றிதழ் தரும் வைத்தியம் இது.

2016 நவம்பர் 8இல் பணம் செல்லாமல் போனது. ரொக்கத்தை மட்டுமே நம்பிப் பிழைத்த கடைகள் வாயைப் பிளந்தன. அந்த 2016-17க்கு முதலில் 7.1 சதவீத வளர்ச்சி என்றார்கள். திருத்தித் திருத்திக் கடைசியில் 8.3 ஆக்கினார்கள், முந்தைய ஆண்டின் 8 சதவீதத்தையும் தாண்டி! ஊரே ஏடிஎம் வரிசையில் நின்ற வருஷம். அடிப்படை ஆண்டை 2022-23க்கு மாற்றும்போது சிறு கடைகளின் ஆண்டு ஆய்வையே பயன்படுத்துவோம் என்று பிறகு அறிவித்தார்கள். நல்லது. இடைப்பட்ட பத்து வருஷத்துக்கு யாரும் மன்னிப்புக் கேட்டதாக நினைவில்லை.

2019இல் ஒரு காலாண்டு வளர்ச்சி 5 சதவீதமாகச் சரிந்தது. கார் விற்காததற்கு ஓலா, ஊபரில் போகும் இளைஞர்களும் ஒரு காரணம் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சென்னைக்கு வந்து விளக்கினார். அக்டோபரில் மத்திய அமைச்சர் ரவிசங்கர் பிரசாத், விடுமுறை நாள் ஒன்றில் மூன்று படங்கள் 120 கோடி வசூலித்ததைக் காட்டி மந்தமே இல்லை என்றார். மறுநாள் பேச்சைத் திரும்பப் பெற்றார். டிக்கெட் வாங்கியவர் அன்று பருப்பு வாங்கினாரா என்று அவரிடம் யார் கேட்பது?

கேட்டவர்கள் இருந்தார்கள். 2017-18இல் அரசின் ஆய்வாளர்களே வீடு வீடாகப் போய், திண்ணையில் உட்கார்ந்து, அரிசி எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஒரு ஆளின் சராசரி மாதச் செலவு, விலையேற்றத்தைக் கழித்தால், முந்தைய ஆய்வின் 1,501 ரூபாயிலிருந்து 1,446 ஆகக் குறைந்திருப்பதாகப் பத்திரிகையில் கசிந்தது. 2019 நவம்பர் 15 அன்று அரசு அறிவித்தது: தரவின் தரம் சரியில்லை, வெளியிட மாட்டோம்.

2024 பிப்ரவரியில் அடுத்த ஆய்வின் சுருக்கம் வந்தது. கிராமத்தில் மாதம் 3,773, நகரத்தில் 6,459 ரூபாய். ஒப்பீட்டு அட்டவணையில் 2011-12க்கு அடுத்து நேராக 2022-23. நடுவில் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட கேள்விகள் கேட்கப்படவே இல்லை போலும். குறைந்தது என்று வந்த எண்ணுக்குத்தான் தரப் பரிசோதனை. 8.3 என்று வந்த எண்ணை எந்த ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்பவில்லை.