ஃபைட்டர் மீனின் புரவலர்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு நண்பர் இருக்கிறார். மீன்மேல் அவருக்குள்ள பிரியம் யாருக்கும் வராது. சிலர் ஒரே ஒரு ஃபைட்டரை வாங்கி, அதையே மூன்று வருஷம் வைத்துக்கொண்டு கிடப்பார்கள். இவர் அப்படிப்பட்ட கஞ்சர் இல்லை. மாதம் தவறாமல் கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளுக்குப் போவார், புதுசு வாங்குவார். நாலு கடைக்காரர் பிழைக்க வேண்டாமா?

தாய்லாந்து அரசு 2019இல் இந்த மீனைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. அப்பேர்ப்பட்ட விருந்தாளிக்கு நண்பர் ஒதுக்கியிருக்கும் மாளிகை, ஒரு லிட்டர் பிடிக்கும் கண்ணாடிக் கிண்ணம். இருபது லிட்டராவது வேண்டும் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். "கடையில பிளாஸ்டிக் கப்புலதானே சார் இருந்துச்சு? இது அதைவிடப் பெருசு" என்று மடக்குவார் இவர். பஸ்ஸில் நின்றபடி வந்த விருந்தாளியை வீட்டிலும் நிற்கவைத்து உபசரிக்கும் பண்பாடு இது.

அறிவியலும் தெரிந்தவர். ஃபைட்டருக்கு லேபிரிந்த் என்று ஓர் உறுப்பு உண்டு. மேலே வந்து காற்றை நேராக விழுங்கிக்கொள்ளும். இது உண்மை. இந்த ஓர் உண்மையை வைத்தே ஃபில்டர், ஹீட்டர், பெரிய தொட்டி எல்லாச் செலவையும் மிச்சம் பிடித்துவிட்டார். காற்றை விழுங்கும் மீனாக இருந்தாலும் அம்மோனியா அதன் செவுளை அரிக்கும் என்பதையெல்லாம் படிப்பதற்குள் அவர் புத்தகத்தை மூடிவிட்டார் போலிருக்கிறது.

சுத்தத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிண்ணத்துத் தண்ணீர் மொத்தத்தையும் கொட்டுவார். கூழாங்கல்லைக்கூட விடாமல் பாத்திரம் தேய்க்கும் பவுடர் போட்டுப் பளபளவென்று விளக்குவார். குழாயைத் திறந்து, குளோரின் நெடி மாறாத புதுத் தண்ணீரை அப்படியே பிடித்து மீனை உள்ளே விடுவார். மீன் கிண்ணத்தைச் சுற்றி விசுக்கென்று பாயும். "பாருங்க, எவ்வளவு சந்தோஷம்!" என்பார்.

சோம்பேறிகளின் முறை வேறு. முந்தின நாளே வாளியில் தண்ணீர் பிடித்து வைப்பார்கள், இல்லாவிட்டால் ஆன்டி குளோரின் சில சொட்டு விடுவார்கள். வாரம் ஒரு முறை கால் பங்கை மட்டும் மாற்றுவார்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுவார்கள். கேட்டால், ஸ்பாஞ்சிலும் கல்லிலும் பாக்டீரியா குடியிருக்கிறது, அதுதான் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது, அது குடியேற ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகும் என்று கதை சொல்வார்கள். சிலர் காய்ந்த பாதாம் இலையைக் கழுவித் தொட்டியில் போட்டு, தண்ணீரை டீ நிறமாக்கிவிட்டு அதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். நண்பர் வீட்டில் இந்த அசிங்கமெல்லாம் கிடையாது. சுத்தம் சோறு போடும் என்பார்கள். அவர் வீட்டுச் சுத்தம் ஆளையே போட்டுவிடும்.

சோற்றுக்கும் குறைவில்லை. ஃபைட்டரின் வயிறு ஏறக்குறைய அதன் கண் அளவுதான், வேளைக்கு இரண்டு மூன்று குருணை போதும். இவர் கை அவ்வளவு சிறியதல்ல. தின்றது போக மிச்சம் அடியில் ஊறிப் பருத்து, வெள்ளையாகப் பஞ்சு படர்ந்து கிடக்கும். பசித்தால் எடுத்துக்கொள்ளட்டும் என்ற தாராளம்.

மீனுக்கு 24 முதல் 28 டிகிரி சூடு வேண்டும். அவர் வீட்டு ஏசி இரவெல்லாம் 20இல் ஓடும். காலையில் மீன் அடியில் அசையாமல் கிடந்தால், "தியானம் பண்ணுது" என்பார். துடுப்பின் ஓரம் கறுத்துக் கந்தலானால், "புது டிசைன் வருது" என்பார். அவருக்குக் கெட்டதே கண்ணில் படாது.

மீன் செத்தாலும் கலங்குவதில்லை. "வீட்டுக்கு வர இருந்த கண்டம், மீனோட போச்சு" என்று சொல்லி, அடுத்ததை வாங்கப் புறப்பட்டுவிடுவார். இத்தனை கண்டங்கள் குறிவைக்கும் குடும்பம் இந்த வட்டாரத்திலேயே வேறு இருக்காது.

கொளத்தூர் கடைக்காரர்களே, அடுத்த முறை அவர் வந்தால் தெர்மாமீட்டர், ஆன்டி குளோரின், இருபது லிட்டர் தொட்டி என்று எதையாவது காட்டி அவர் மனத்தைக் கலைத்துவிடாதீர்கள். அப்புறம் அவர் உங்கள் கடைப்பக்கம் வர மூன்று வருஷம் ஆகும்.