கோட்டை பிடித்த கதை

கொழும்பிலிருந்து கூட்டாளிமாரோடு யாழ்ப்பாணம் பார்க்க வரும் பெடியள் வலு கெட்டிக்காரர். 1658இல் கோட்டையைப் பிடிக்க ஒல்லாந்தருக்கு மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகை தேவைப்பட்டது. இவர்கள் பத்து நிமிடத்தில், செல்பியோடு, பிடித்துவிடுகிறார்கள். 1981இல் எரிக்கப்பட்ட நூலகத்தில் சரஸ்வதி சிலையோடு ஒரு படம். உள்ளே புத்தகங்களும் உண்டாம், நேரமில்லை.

நல்லூரில்தான் பக்தி பெருகும். கந்தனிடம் போக ஆண்கள் சட்டையைக் கழற்ற வேணும் என்றதும் பாதிப்பேர் வீதியிலேயே கும்பிடு போட்டுவிட்டு, சட்டையோடு விடுகிற ஐஸ்கிறீம் கடைக்குள் நுழைவார்கள். அங்கே ஒரு மணித்தியாலம்.

இரவு கொத்து ரொட்டிக் கடையில், தகரச் சத்தத்துக்கு நடுவே ஒருத்தன்: "மச்சான், உந்தக் கோட்டையை ஆர் கட்டினது?"

"சங்கிலியன்தான்!"

வரப்போகிறவர்களே, அது போர்த்துக்கேயர் கட்டினது. ஐஸ்கிறீமை அதற்குப் பிறகு குடியுங்கோ.