பிராக்மாட்டிக் பெரியவர்

தேக்கா நிலையத்தின் கீழ்த்தளத்து உணவங்காடியில், காலைக் கூட்டம் நெருக்குகிற வேளையில், ஒரு டிஷ்யூ பொட்டலத்தை மேசைமேல் வைத்து அவ்விடம் தமக்கே பாத்தியதை என்று சகல ஜனங்களுக்கும் பிரகடனம் செய்துவிட்டு, தே ஹாலியா வாங்க நிதானமாகப் புறப்படும் பெரியவரைச் சிங்கப்பூர்த் தமிழர் யாவரும் கண்டிருப்பர். அவர் ஒருவரல்லர், பலர். ஆகையால் பெயர் வேண்டாம். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் எழுதாத பேனா ஒன்று. நாவிலோ ஆங்கிலத் தத்துவச் சொல் ஒன்றே ஒன்று.

மகளை இலக்கியம் படிக்க விடாமல் கணக்கியலில் சேர்த்தது பிராக்மாட்டிக். மைத்துனருக்குக் கடன் கொடுக்க மறுத்தது பிராக்மாட்டிக். பின்பு அதே மைத்துனரிடம் கைநீட்டியதும் பிராக்மாட்டிக்தான். முழங்கால் வலிக்கு வைத்தியரைப் பார்த்துவிட்டு நேரே வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் போவார். "எது பலிக்குதோ பலிக்கட்டும் தம்பி, பிராக்மாட்டிக்கா இருக்கணும்" என்பார்.

இச்சொல்லுக்குத் தகப்பனாரான அமெரிக்கர் சார்லஸ் பியர்ஸ் கருதியது வேறு. ஒரு கருத்தின் பொருள் தெளிய வேண்டுமாயின், அதனால் அனுபவத்தில் என்னென்ன விளைவுகள் நேரக்கூடும் என்று ஆராய்ந்து பார் என்பதே 1878-இல் அவர் வகுத்த விதி. அவருடைய சிநேகிதர் வில்லியம் ஜேம்ஸ், 1898-இல் ஆற்றிய சொற்பொழிவொன்றில் அச்சொல்லை உலகறியச் செய்யவே, அது ஊரார் வாயில் விழுந்து உருமாறிப் போனது. அதைக் கண்டு மனம் நொந்த பியர்ஸ், 1905-இல் தம் சித்தாந்தத்துக்குப் 'பிராக்மாட்டிசிசம்' என்று மறுநாமகரணம் செய்து, இவ்வளவு அவலட்சணமான பெயரை எவனும் கடத்திக்கொண்டு போகமாட்டான் என்று ஆறுதல் கொண்டார். நம் பெரியவரும் அதைத் தொட்டதில்லை.

ஆனால் அவரை மாத்திரம் குறைசொல்வது நியாயமன்று. அவர் வாழ்ந்த தேசமே அப்படி. 1972-இல் 'இரண்டோடு நிறுத்துங்கள்' என்று அரசாங்கம் சொல்ல, அவரும் பணிவோடு நிறுத்தினார். பிறப்பு விகிதம் அளவுக்கு மீறிச் சரிந்துவிட்டதைக் கண்ட அதே அரசாங்கம் 1987-இல், 'வசதியிருந்தால் மூன்றோ, அதற்கு மேலுமோ' என்று திருத்திச் சொன்னபோது, வீட்டு அம்மாள் அவரைப் பார்த்த பார்வையை இன்றும் அவர் மறக்கவில்லை. நெடுங்காலம் ஆகாதென்றிருந்த சூதாட்டக்கூடத்துக்கும் 2005-இல் அனுமதி பிறந்தது. சரியோ தவறோ, அரசாங்கம் விளைவைப் பார்த்தபின் மனத்தை மாற்றியது. நம்மவரோ மனத்தை மாற்றியபின் சொல்லைத் தேடுகிறார். பியர்ஸின் விதியைக் கொண்டே சோதித்தால், பெரியவர் வாயில் அச்சொல்லுக்கு உள்ள ஒரே விளைவு, எதிரே இருப்பவர் பேச்சை நிறுத்திக்கொள்வதுதான்.

பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயிலும் பையன் ஒருவன், "மாமா, பிராக்மாட்டிக் என்றால் என்ன?" என்று பவ்வியமாகக் கேட்டான்.

"அதைக் கேட்டு நேரத்தை வீணாக்காம இருக்கிறதுதான்."

பிறகு, முந்தின நாள் ரேஸ் கோர்ஸ் சாலையில் முட்டிக்கொண்ட டாக்சியின் எண்ணைச் சீட்டில் எழுதிக்கொண்டு, 'நாலு நம்பர்' லாட்டரி வரிசையை நோக்கி எழுந்தார். இதுவரை எத்தனை தடவை விழுந்தது என்று பையன் விடாமல் வினவினான்.

"முப்பது வருஷமா ஒண்ணுகூட விழலே. அப்போ இனிமே விழுந்துதானே தம்பி ஆகணும்?"