படுகளமும் பழைய வாகனமும்: காஞ்சி வட்டாரப் போர்க்காட்சிகள் குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

மேலை நாடுகளில் கோடை வந்துவிட்டால் வங்கி அலுவலர்களும் பல் மருத்துவர்களும் பழைய சீருடையை மாட்டிக்கொண்டு, எப்போதோ முடிந்துபோன சண்டையை மறுபடி போடுவார்கள். பக்கத்து மைதானத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்புகள் வரிசைகட்டி நிற்கும். காஞ்சிபுரத்தில் பட்டும் கோயிலும் உண்டு, இந்த வகைக் காட்சி மட்டும் இல்லை என்று சிலர் குறைப்படுகிறார்கள். அக்குறை ஆதாரமற்றது என நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. தகுதியிருந்தும் தேறாத களம்

முறைப்படி ஆய்வு காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் தொடங்க வேண்டும். மகேந்திரவர்ம பல்லவன் அங்கே பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது. 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் வில்லியம் பெய்லியின் ஆங்கிலேயப் படையை வளைத்து முறித்ததும் அங்கேதான். மைசூர் ராக்கெட்டுகள், வெடித்துச் சிதறிய மருந்து வண்டிகள், கைதான கர்னல் என்று காட்சிக்கு வேண்டிய சாமான் அத்தனையும் தயார். துணைக்கு வந்திருக்க வேண்டிய ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் இருந்தார். செய்தி வந்ததும் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைப் பக்கம் நடையைக் கட்டினார். பழைய ராணுவத் தளவாடத்துக்கு இந்நகரில் கிடைத்த முதல் நிரந்தரப் பார்க்கிங் அதுவே என்பது இவ்வாய்வாளர் துணிபு.

1781-இல் அதே ஊரில் இன்னொரு சண்டை. அதில் இறந்த அதிகாரிகளுக்கு ஆங்கிலேயர் தூண் நட்டார்கள். திப்புவோ 1780 வெற்றியை ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் தீட்டவைத்தார். அந்தச் சித்திரத்தில் பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். தூணும் சுவரும் வந்தன. பெய்லி வேஷம் கட்ட மட்டும் ஆள் வரவில்லை.

2. படுகளவியல்

வேஷத்துக்குப் பஞ்சமில்லாத போர் வேறொன்று. காஞ்சிபுரம், செய்யாறு வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடை தொடங்கினால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. கடைசி நாள் காலையில் படுகளம். ஊருக்கு வெளியே மண்ணைக் குழைத்து மல்லாந்த துரியோதனனைச் செய்திருப்பார்கள். பல ஊர்களில் நீளம் நாற்பது, ஐம்பது அடியைத் தாண்டும். முறுக்கு மீசை, உருட்டிய கண், மேலே வர்ணம். தொடையில் மட்டும் சிவப்புச் சாயம் நிறைந்த பானை ஒன்று மறைந்திருக்கும்.

இரவெல்லாம் ஆடிய களைப்போடு, கிரீடமும் புஜகீர்த்தியும் கனக்க, வீமனும் துரியோதனனும் அந்த மண்ணுடலைச் சுற்றியும் அதன்மேல் ஏறியும் துரத்திக்கொள்வார்கள். முகவீணை விடாது அலறும். முடிவு எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் டிராக்டர் டிரெய்லர் மேல் ஏறி நிற்கும் பொடியன், “தொடையில அடி, தொடையில அடி” என்று வீமனுக்கு யோசனை சொல்வான். பானை உடையும். அந்தச் சிவப்பைத் தொட்டுத் திரௌபதி கூந்தலை முடிவாள். அதுவரை துரியோதனனைத் திட்டிய கூட்டத்திலிருந்தே அவனுக்கு ஒப்பாரியும் எழும். பிறகு அவனுடைய மண்ணை ஆளுக்கொரு பிடி அள்ளி வீட்டுக்கும் வயலுக்கும் கொண்டுபோவார்கள். மாலையில் தீமிதி.

3. வாகனவியல்

மத்திய அரசின் 2021 விதிப்படி, முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த வண்டி ‘விண்டேஜ்’. அதைக் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் எடுக்கலாம். அன்றாடச் சவாரிக்கும் வாடகைக்கும் கூடாது. விதியை எழுதியவர்கள் வரதராஜப் பெருமாள் கோயில் வாகன மண்டபத்தைப் பார்த்துவிட்டே எழுதியிருக்க வேண்டும் என்று ஐயுற இடமுண்டு. வைகாசிப் பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள் விடியலில் கருடன் வெளியே வருகிறது. வாடகைக்குப் போவதில்லை, காய்கறி வாங்கப் போவதில்லை. ஓட்டம் முடிந்தால் மண்டபத்துக்கே திரும்பிவிடும். எஞ்சின், ஸ்ரீபாதம் தாங்கிகளின் தோள். ஹாரன், நாகசுரம். பிரேக், முன்தண்டுக்காரர் போடும் அதட்டல். புகைச் சான்றிதழ் தேவையில்லை.

பின்னிணைப்பாக ஒரு செய்தி. டிவிஎஸ் 50 விற்பனைக்கு வந்த ஆண்டு 1980. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் நெசவுப் பாவையும் சேலைக் கட்டையும் சுமந்து இன்னும் யாராவது முதல் ஆண்டு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தால், 2030-க்குப் பிறகு அவரும் விண்டேஜ் வாகன உரிமையாளர் ஆகலாம். ஆனால் அன்று முதல் சேலைக் கட்டு ஏற்றக் கூடாது. ஆகவே அவர் பதிவு செய்யப்போவதில்லை.

4. மறுப்பும் விடையும்

பாரதப் போர் வரலாறா என்று கேட்பார் உண்டு. பெய்லியின் தோல்வி நாள், மாதம், ஆண்டு சகிதம் பதிவான வரலாறு. அதற்காகக் காப்புக் கட்டிக்கொண்டவர் எவருமில்லை. மேலைநாட்டுக் காட்சியில் சண்டைக்கும் சனத்துக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருக்கும். படுகளத்தில் கயிறு இல்லை. விரதம் இருந்தவர், மண் குழைத்தவர், அழுதவர், அள்ளிப்போனவர் என்று எல்லோருக்கும் அந்தப் போரில் வேலை இருக்கிறது. கருட சேவையிலும் அப்படியே: தோள் கொடுக்க ஆள் இல்லாத வாகனம் மண்டபத்தை விட்டு நகராது.

முடிவு

போரைத் திரும்ப நிகழ்த்துவதற்குத் துப்பாக்கியைவிடத் தோற்றவனுக்காக அழும் ஆள் முக்கியம் என்பது இவ்வாய்வின் முடிவு. எனவே புள்ளலூர்ப் போரை நடித்துக் காட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சீருடைக்கும் பீரங்கிக்கும் முன்பணம் கொடுக்குமுன், கர்னல் பெய்லிக்கு ஒப்பாரி வைக்க உள்ளூரில் நாலு பேரைச் சேர்த்துப் பாருங்கள். கிடைக்காவிட்டால் திட்டத்தைக் கைவிட்டு, பக்கத்து ஊர்ப் படுகளத்துக்கு வந்துவிடுங்கள். டிக்கெட் கிடையாது; வெயிலுக்குத் துண்டு மட்டும் எடுத்து வாருங்கள்.