மேஜை மேல் ஷண்டிங்

செங்கல்பட்டு ஜங்ஷனில் நாளெல்லாம் நிஜ ரயிலே ஓடுகிறது. அது போதாதென்று மாடியறைப் பலகையில் 1:87 அளவில் யார்டு போட்டு ஷண்டிங் செய்பவர்களுக்கு இப்போது ஒரே கவலை: கொக்கி. பொம்மை ரயிலோடு வரும் கொக்கி அசலைப்போல் இல்லையாம். அதைக் கழற்றிவிட்டு, மடக்கிய விரல்கள்போல் கவ்விக்கொள்ளும் 'கேடீ' என்ற நிறுவனத்தின் இணைப்பியை மாட்ட வேண்டுமாம்.

மாட்டலாம். அதில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. இடுக்கியில் பிடித்ததும் துள்ளி மறையும். "ஃபேனை நிறுத்து!" என்ற அதட்டலோடு குடும்பமே தரையில் தவழும். எண்ணெய் விடக் கூடாது, கிராஃபைட் தூள்தான். இணைப்பியின் உயரம் சற்றே தவறினாலும் ஓடும்போதே வண்டி இரண்டாகும்.

இத்தனையும் எதற்கு? எட்டுப் பெட்டிகளில் ஐந்தைச் சொன்ன வரிசையில் கோக்கும் இங்கிள்நுக் புதிருக்கு. மொத்தம் 6,720 வரிசைகள், ஓய்வுக்காலத்துக்குத் தாராளம்.

வேடிக்கை என்னவென்றால், பெரம்பூர் ஐ.சி.எஃப். 2018 வரை கட்டிய பழைய ரகப் பெட்டிகளில் பெரும்பாலும் திருகுக் கொக்கிதான்; ஆள் இடையில் நின்று மாட்டுவார். புதிய ரக எல்.எச்.பி. பெட்டிகளோடுதான் விரல்கள்போல் கவ்வும் நடு இணைப்பி வந்தது, குலுக்கல் புகாரும் வந்தது. அசலே வேண்டும் என்பவர்கள் அந்தக் குலுக்கலை மட்டும் கேட்பதில்லை.

மாமல்லபுரத்து அன்பர்களே, உப்புக்காற்றில் தண்டவாளம் மங்கும், துடைத்துக்கொண்டே இருங்கள். சென்னையிலிருந்து உங்கள் ஊர் வழியாகக் கடலூர் போக வேண்டிய பாதை இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. அதுவரை மேஜை மேல் ஓடுவதுதான் ஊருக்கு ஒரே ரயில்.