குழாய் சொட்டுது சார்!

கேள்வி: மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறேன். குழாய் சொட்டுது, சுவிட்ச் ஆடுது, தாழ்ப்பாள் விழலை என்று வாரம் தவறாமல் போன். எல்லாமே என் தலையிலா?
– வீட்டுக்காரர், மாடம்பாக்கம்

பதில்: இல்லை. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காலி செய்யவைத்துவிட்டு 2019 பிப்ரவரியில் குடியேறிய புது வாடகைச் சட்டம், யார் எதைப் பழுதுபார்ப்பது என்று பட்டியலே போட்டிருக்கிறது. குழாய், வாசர், சுவிட்ச், கீசர், வாஷ்பேசின், பூட்டு, ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் கணக்கு. சுவர், கூரை, வெள்ளையடிப்பு, பைப் மாற்றுவது, ஒயரிங் உங்கள் கணக்கு.

அதற்காகப் பட்டியலைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு மாடியேறிவிடாதீர்கள். நம் பக்கத்து போர் தண்ணீர் உப்பு. நேற்று மாட்டிய குழாய்கூட நாளைக்கு வாயில் வெள்ளை பூத்து நிற்கும். அதற்குக் குடித்தனக்காரர் என்ன செய்வார்? போர் உங்களுடையது அல்லவா? இன்னொன்று: இன்று சொட்டும் குழாய் அவர் பட்டியல். அந்தத் தண்ணீர் சுவருக்குள் இறங்கி, கீழே உங்கள் பூஜையறையில் ஓதம் காத்ததென்றால் உங்கள் பட்டியல். வாசரை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுவது லாபம். ஒற்றை வாசருக்கென்று கூப்பிட்டால் எந்தப் பிளம்பரும் "வரேன் சார்" என்பாரே தவிர வரமாட்டார். சில்லறை வேலைகளைச் சேர்த்துவைத்து ஒரே நாளில் கூப்பிடுங்கள். கூலியைப் பாதிப் பாதி போட்டுக்கொள்ளுங்கள், சட்டம் கோபித்துக்கொள்ளாது.

கேள்வி: மழை பெய்தால் படுக்கையறைக் கூரை ஒழுகுகிறது. "தேனுபுரீஸ்வரர் கோயில் சோழர் காலத்திலிருந்து நிற்கிறதே, உங்கள் வீட்டுக்கு என்ன?" என்று கேட்டேன். வீட்டுக்காரர் முறைக்கிறார்.
– குடித்தனக்காரர், ராஜகீழ்ப்பாக்கம்

பதில்: கோயிலைத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது, உங்கள் வீட்டுக்கு அவர் ஒருவர்தான். முதலில் மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர் இறங்கும் துளையை இலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பாதி ஒழுகல் அங்கேயே தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் கூரை அவர் பொறுப்பு. போட்டோவோடு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் நீங்களே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு, பில் பத்திரம். ஆனால் ஐப்பசியில் கேட்டால் கொத்தனார் கிடைக்கமாட்டார். சித்திரை வெயிலில் ஞாபகப்படுத்துங்கள், அப்போது யாருக்குமே ஞாபகம் இருக்காது என்பதால்.

கேள்வி: என்னிடம் மாற்றுச்சாவி இருக்கிறது. அவர்கள் ஊருக்குப் போயிருக்கும்போது போய் ரிப்பேரை முடித்துவிடலாமா?
– சேலையூர் வாசகி

பதில்: கூடாதம்மா. 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வீடு உங்களுடையதுதான், கொடியில் காயும் துணி அவர்களுடையது.

கேள்வி: வாடகை பாக்கி. மோட்டாரை இரண்டு நாள் நிறுத்தினால் வழிக்கு வருவாரா?
– அகரம்தென்

பதில்: அவர் வரமாட்டார், வாடகை அதிகாரியிடமிருந்து உங்களுக்கு நோட்டீஸ் வரும். தண்ணீர், கரன்ட்டை நிறுத்துவதற்குத் தடை இருக்கிறது. பாக்கிக்கு நீங்கள் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். முதலில் மோட்டாரைப் போட்டுவிட்டுப் போங்கள்.